ஊரில் மாடி வீடு கட்டினால் மதிப்பு வருமா?

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். ஆலங்குளம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார்கள், அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர். நீங்கள் படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் பஸ் நிற்கும் இடத்திலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆபீஸில் யாராவது ஊர் கேட்டால் "திருநெல்வேலி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். பணமும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஊரும் இல்லாதவனுக்கு மதிப்பே கிடையாதா என்பது நீங்கள் எழுதிய முதல் கேள்வி. 20 லட்சம் கடன் வாங்கி ஊரில் மாடி வீடு கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் அடியில், எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: வந்தவர்கள் என்னைப் பற்றி நினைத்தது ஒருவேளை உண்மைதானோ? அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் அரசு வங்கி ஒன்றில் கடன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், ராதாபுரம், சங்கரன்கோவில் என்று நெல்லைச் சீமைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வேலை. எதிரில் உட்காருகிற ஆள் வாங்குவதைத் திருப்பித் தருவாரா என்று கணிப்பதுதான் நான் சம்பளம் வாங்கிய வேலை. சமூகவியல் படித்தவன் இல்லை. இது சம்பந்தமான ஆய்வுகளை ஆர்வத்தில் தேடிப் படித்தவன், அவ்வளவே. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வங்கிக்குள் வந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். நமக்கெல்லாம் யார் தரப்போகிறார்கள் என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் என் கணக்கிலேயே வரமாட்டார்கள். நான் சொல்வதை அந்த அளவுக்குக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஊரை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள், ஊரைப் பற்றி முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆளைப் பற்றித்தான் தப்பாகச் சொல்வார்கள்.

ஊர் விஷயம் எப்படிச் சரி என்கிறேன் என்றால், நம் சீமையில் ஊரின் வசதி வசதியின்மையெல்லாம் பெரும்பாலும் தண்ணீர் போட்ட கணக்கு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழுகிற தாமிரபரணியை எட்டு அணைக்கட்டுகள் மறித்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. கன்னடியன் கால், நதியுண்ணிக் கால் என்று அவை பாய்கிற ஊர்களில் கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம். நெல் இருந்த இடத்தில் கோயில் பெரிதாக எழும்பியது, அக்ரஹாரமும் பண்ணையார் வீடும் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, ரயில் வந்தது. வாய்க்கால் எட்டாத இடங்களுக்குப் போனால் கதையே வேறு. தென்மேற்குப் பருவ மழையை மலையே வாங்கிக்கொள்வதால் மானாவாரி ஊர்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் கதி. அது தவறினால் குளம் நிரம்பாது, குளம் நிரம்பாவிட்டால் கிணற்றில் ஊறாது, அந்த வருஷம் ஆண்கள் வெளியூருக்கும் பெண்கள் பீடி சுற்றுகிற சுளகுக்கும் (முறத்துக்கும்) போக வேண்டியதுதான். தெற்கே சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் போனால் தேரி என்கிற செம்மணல் மேடுகளும் பனையும். கன்னடியன் காலிலிருந்து வெள்ள நீரை அந்தப் பக்கம் கொண்டுபோகிற தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கி, சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டது 2023 டிசம்பரில். சுமார் 75 கிலோமீட்டர் கால்வாய்க்கு இத்தனை வருஷம். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை படித்து முடித்துச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டது.

ஆக, உங்கள் ஊர் ஏழை ஊர் என்று ஒருவர் சொன்னால் அது உண்மை. சண்டை போட வேண்டியதில்லை. ஆபீஸ்களில் மேலதிகாரி கோபம் வந்தால் "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார் இல்லையா, அந்தக் காட்டில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்பதே அந்த வாக்கியத்தில் கிடையாது. தண்டனையாகப் போகிறவருக்கு மட்டும்தான் அது ஓர் இடம்.

அதே காட்டுக்கு மதிப்பு வந்ததையும் பார்த்திருக்கிறேன். ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் உடைமரம் முளைத்துக் கிடந்த நிலத்தை ஈடாகக் காட்டினால் ஒருகாலத்தில் எந்த மேனேஜரும் முகம் சுளிப்பார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காகக் காற்றாலைக் காத்தாடி நட ஆரம்பித்ததும் தரகர்கள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். "சார், நம்ம நிலம்" என்று தயங்கித் தயங்கிப் பேசிய அதே சம்சாரி (விவசாயி), நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து டெபாசிட் போட்டார். நிலமும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். அதே ராதாபுரம் தாலுகாவில்தான் கூடங்குளம் இருக்கிறது. 1988இல் ஒப்பந்தமாகி 2013இல் மின்சாரம் தர ஆரம்பித்தது. இத்தனை பேருக்குக் கரண்ட் கொடுக்கிற பக்கத்திலிருந்து வருகிற பையனையும் "எங்கேயோ வறண்ட ஊராமே" என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது ஆளைப் பற்றி. கடன் கொடுக்கிறவருக்கும் பெண் கொடுக்கிறவருக்கும் ஒரே சங்கடம். எதிரில் இருப்பவரைத் தெரியாது, முடிவு மட்டும் சீக்கிரம் எடுத்தாக வேண்டும். அதனால் சுலபமாகக் கண்ணில் படுகிற அடையாளங்களைப் பிடித்துக்கொள்வார்கள். ஊர், வீடு, செருப்பு, பேச்சு, யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது. வசூல் கஷ்டம் என்று சில இடங்களை 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒதுக்கிவைக்கிற வழக்கம் கடன் உலகத்தில் உண்டு. கிரெடிட் கார்டு விற்கிற பையனைக் கேளுங்கள், பின்கோடு கேட்டதும் குரல் மாறுவதைச் சொல்வான். வேடிக்கை என்னவென்றால், 300லிருந்து 900 வரை போடுகிற சிபில் மதிப்பெண்ணில் உங்கள் ஊருக்கு இடமில்லை, சம்பளத்துக்கும் இடமில்லை. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா, எவ்வளவு கடன் சுமக்கிறீர்கள் என்று உங்கள் நடத்தையைத்தான் அது பார்க்கிறது. மெஷினுக்கு இருக்கிற இந்த நிதானம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனுக்கு எப்போதும் இருப்பதில்லை.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், எந்தக் கிளை என்று கேட்காதீர்கள். கல்விக் கடன் கேட்டு ஒரே நாளில் இரண்டு பேர், அதே கல்லூரி, அதே படிப்பு. ஒருத்தி பாளையங்கோட்டை, அப்பா அரசு ஊழியர். இன்னொருத்தி மானூர் தாண்டி ஒரு கிராமம், அம்மாவோடு வந்திருந்தாள். முதல் பெண்ணிடம் அதிகாரி கேட்டது, "படிச்சு முடிச்சுட்டு என்னம்மா பண்ணப்போறே?" இரண்டாவது பெண்ணிடம் கேட்டது, "திருப்பிக் கட்டிருவியாம்மா?" அந்த அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த தோட்டைக் காட்டி, "இது இருக்கு சார்" என்றார். விதிப்படி அந்தத் தோடு தேவையே இல்லை. 2001இல் வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. உங்கள் ஊர் எங்கள் சர்வீஸ் ஏரியாவில் வராது என்று விண்ணப்பத்தைத் திருப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இரண்டு பெண்களுக்கும் கடன் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருத்தி எதிர்காலத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனாள், இன்னொருத்தி தன் நாணயத்தை நிரூபித்துவிட்டு எழுந்து போனாள். பேப்பரில் இந்த வித்தியாசம் எங்கும் தெரியாது.

திருப்பிக் கட்டுகிற விஷயத்தில் என் அனுபவம் ஊர்க் கணிப்புக்கு நேர் எதிர். பீடி சுற்றுகிற பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்த கடனுக்காக நான் தூக்கம் கெட்டதில்லை. வாரக் கூலி வந்ததும் குழுத் தலைவி நோட்டோடு வந்து நிற்பார். நான் தூக்கம் கெட்டதெல்லாம் சிபாரிசோடு ஏசி காரில் வந்து, நாற்காலியை அவர்களே இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்களின் கணக்கில். இதை ஒரு விதியாகச் சொல்லமாட்டேன். ஏழைகளில் கட்டாதவர்கள் உண்டு, பணக்காரர்களில் தேதி தவறாதவர்கள் உண்டு. நகைக் கடன் கவுண்டர் மட்டும் எனக்கு எப்போதும் பிடிக்கும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார், ஒரு சொட்டு விடுவார், தராசில் வைப்பார், ஒரு தொகை சொல்வார். மேலப்பாளையத்து வளையலும் முக்கூடல் வளையலும் ஒரே ரேட்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 'இது என் கற்பனையோ' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். கற்பனை இல்லை. அமெரிக்காவில் டார்லி, கிராஸ் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வீடியோவில் காட்டினார்கள். சிலருக்கு அவள் வசதியான பகுதியில் இருப்பதாகவும் சிலருக்கு ஏழைப் பகுதியில் இருப்பதாகவும் காட்டினார்கள். அப்புறம் அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற ஒரே காட்சி. சிலதுக்குச் சரியாகச் சொல்கிறாள், சிலதுக்குத் தடுமாறுகிறாள். வசதியான பெண் என்று நினைத்தவர்கள் அவளுக்கு நல்ல அறிவு என்றார்கள். ஏழை என்று நினைத்தவர்கள் வகுப்புத் தரத்துக்குக் கீழே என்றார்கள். பதில் சொன்ன காட்சியைப் பார்க்காமல் பின்னணியை மட்டும் பார்த்தவர்களிடம் இவ்வளவு வித்தியாசம் இல்லை என்பதுதான் விசேஷம். பின்னணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூச்சம். ஆதாரம் என்று ஏதோ ஒன்று கையில் கிடைத்ததும் ஏற்கெனவே நினைத்ததையே அதில் படித்துக்கொள்கிறார்கள். வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டார்: நல்ல பொருளை நன்றாகவே உணர்ந்து சொன்னாலும் ஏழை சொல் எடுபடாது. அந்த வகையில் நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகவே விஷயம் தெரியும்.

நம் சீமையில் பணத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். திருநெல்வேலியில் "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, சொன்னதும் "அங்க எந்தத் தெரு?", "ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்த இரண்டாவது கேள்வி வசதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. ஊர்ப் பேரும் தெருப் பேரும் சேர்ந்தால் சாதி தெரிந்துவிடும். அதனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பெண் வீட்டார் வீட்டைப் பார்த்துப் போனார்களா, தெருவைப் பார்த்துப் போனார்களா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் அதை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

பணத்தால் ஒரு சமூகத்தின் நிலை மாறியதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பனையேறிகள் என்று ஒதுக்கப்பட்டு, கோயிலுக்குள் விடப்படாமல், 1899இல் சிவகாசிக் கலவரம்வரை போன கதை நாடார் சமூகத்தினுடையது. வியாபாரிகள் மகமை என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்துப் பொதுநிதி சேர்த்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். இன்றைக்குச் சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை. இதைச் சொல்லிவிட்டு "அவங்களை மாதிரி நீங்களும் முன்னேற வேண்டியதுதானே" என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் நிறைய உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கடை வைக்கவும், வைத்த கடையில் ஜனங்கள் வந்து சாமான் வாங்கவும் ஓரளவாவது இடம் வேண்டும். அந்த இடமே கிடைக்காத சமூகங்கள் இதே மண்ணில் இருக்கின்றன. 2007இல் தோரட், அட்வெல் என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குத் தகுதியில் சமமான விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வருகிற வாய்ப்பு குறைந்தது. படிப்பும் தகுதியும் கையில் இருந்தும் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படிக்கிற ஒரு தலித் மாணவனை, அவனோடு படித்தவர்களே வீடு தேடிப்போய் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பணம் வந்தால் எல்லாக் கறையும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். அடுத்தவர் போடுகிற எடையை நாமே நம்ப ஆரம்பித்துவிடுவோமா? உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஹாஃப், பாண்டே என்ற இருவர் பள்ளி மாணவர்களுக்குப் புதிர்ப் பாதைகளைக் கொடுத்து, தீர்த்த அளவுக்குக் காசு தந்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது பையன்கள் சமமாகச் செய்தார்கள். எல்லோர் முன்னாலும் சாதியைச் சொன்னதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் எண்ணிக்கை சரிந்தது. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இந்த வகைச் சோதனைகளைப் பிற இடங்களில் திரும்பச் செய்யும்போது முடிவு எப்போதும் அதே பலத்தோடு வருவதில்லை. இன்னொன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. விழுப்புரம் பக்கக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, கையில் காசு இல்லாத காலத்தில் அதே ஆளின் யோசனைத் திறனே குறைகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் 2013இல் எழுதினார்கள். பணக்கவலை மண்டையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். இதைப் பற்றிப் பிறகு வாதங்கள் எழுந்தன. தொடர்ந்து வந்த சோதனைகளில் சிலது ஒத்துப்போயின, சிலது போகவில்லை. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: மாதக் கடைசியில் ஒரு சம்சாரி கையெழுத்துப் போடும் இடத்தைத் தவறவிட்டால் அவரை மண்டு என்று முடிவு கட்டாதே. அதற்குமேல் போய் வறுமை மூளையை மாற்றிவிடும் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதுவே இன்னொரு முத்திரையாகிவிடும்.

நீங்கள் ஆபீஸில் "திருநெல்வேலி" என்று நிறுத்திக்கொள்வதில் தப்பு ஒன்றுமில்லை. சென்னைக்காரருக்குப் பாளையங்கோட்டையும் ஒன்றுதான், கீழப்பாவூரும் ஒன்றுதான், சினிமா பார்த்த பழக்கத்தில் "அருவா கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு அடுத்து அல்வா கேட்பார். அவரிடம் கிராமத்தின் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்யாணப் பேச்சில், கடன் விண்ணப்பத்தில், கூடவே இருக்கப்போகிற நண்பர்களிடம் மறைத்தால்தான் வம்பு. அங்கே மறைத்தது தெரிய வரும்போது, ஊரைப் பற்றி இருந்த சந்தேகம் ஆளைப் பற்றிய சந்தேகமாகிவிடும்.

அப்புறம், இந்த எடை போடுகிற வேலையை வெளியாட்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) போனால் தெரியும். மும்பையில் இருப்பவர்கள் கொடைக்கு வந்து இறங்குவார்கள். தாராவியில் பாதிப் பேர் நம் ஜில்லா என்று வேடிக்கையாகச் சொல்கிற அளவுக்கு அங்கே நம் ஜனம் உண்டு. அந்த விலாசத்தைச் சொன்னால் மும்பையில் அவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டம். இங்கே வில்லுப்பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில், "மும்பை வாழ் நமது ஊர் உபயதாரர், பத்தாயிரத்து ஒன்று" என்று மூன்று தடவை சொல்வார்கள், மாலை போடுவார்கள், முதல் மரியாதை கொடுப்பார்கள். ஊரிலேயே கிடந்து வரி கொடுத்து, பந்தலுக்குக் கால் நட்டு, குழி மூடி, விடிய விடிய நின்றவன் பேர் மைக்கில் வராது. ஓர் ஆளுக்கே இரண்டு ஊரில் இரண்டு எடை. நாம்தான் இதையும் செய்கிறோம், பெண் வீட்டார் வந்து செய்யவில்லை.

பெண் வீட்டார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோபித்தாலும் பரவாயில்லை. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண்ணைக் கொடுத்தால் குடம் தூக்கப்போவது அவர்கள் மகள். வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறதா, ராத்திரி உடம்புக்கு வந்தால் வண்டி கிடைக்குமா என்று பார்ப்பதை அந்தஸ்துப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. உங்களைக் கட்டிக்கொள்கிற பெண் சென்னையில்தான் இருக்கப்போகிறாள், ஊருக்குப் பொங்கலுக்கும் கொடைக்கும்தான் வருவாள் என்பதை யாராவது அவர்களிடம் தெளிவாகச் சொன்னார்களா? தரகர் சொல்லியிருப்பார் என்று விட்டிருந்தால், அவர் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு அடுத்த ஜாதகம் இருக்கிறது.

மாடி வீட்டுக் கணக்கு இதுதான். 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய். கடைசியில் நீங்கள் கட்டி முடிப்பது சுமார் 43 லட்சம். உங்கள் ஊரில் அந்த வீட்டை வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை, விற்றால் வாங்கவும் ஆள் இல்லை. வாங்குகிற ஒருவர் வந்தாலும் போட்ட காசில் பாதிக்குக் கேட்பார். இது உங்கள் ஊரை மட்டம் தட்டுவதற்கு இல்லை, எங்கள் மதிப்பீட்டு இன்ஜினியர்கள் கிராமத்து வீடுகளுக்கு எழுதித் தந்த தொகைகளைப் பார்த்துச் சொல்கிறேன். மார்பிள் போட்டு, ஆளுயரக் கேட் வைத்து, வருஷத்தில் கொடைக்கு மூன்று நாள் மட்டும் திறக்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டைக் காட்டிக் கல்யாணம் முடிந்தாலும், சென்னையில் வாடகையும் இந்த 18,000மும் சேர்ந்து முதல் மாதத்திலேயே வீட்டுக்குள் பேச்சாகும். வீட்டுக் கடன் கிடைக்காமல் பர்சனல் லோனில் கட்டலாம் என்று யோசித்திருந்தால், தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

இருக்கிற ஓட்டு வீட்டிலேயே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கழிவறை இல்லையென்றால் முதலில் அது, மழைக்கு ஒழுகினால் அடுத்து அது, அம்மா குனிந்து உட்கார்ந்து சுளகு பார்க்கிற இடத்தில் நல்ல வெளிச்சமும் ஒரு ஃபேனும். வீட்டில் யாருடைய நகையாவது அடகில் இருந்தால் அதை மீட்டுவிடுங்கள், ஏலத்துக்குப் போனால் அந்த வருத்தம் ஆயுசுக்கும் போகாது. அம்மாவுக்கு பிஎஃப் பிடிக்கிறார்களா, பாஸ் புத்தகத்தில் சுற்றிய கணக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பீடித் தொழிலாளர்களுக்கு 1966லேயே தனிச் சட்டம் வந்தது, இலை நறுக்கிச் சுற்றித் தருகிற பலர் கேட்காததாலேயே பாதியை இழக்கிறார்கள். வீடு கட்டியே தீருவது என்று பிற்பாடு முடிவு செய்தாலும் மனை யார் பேரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நம் பக்கம் முக்கால்வாசி தாத்தா பேரிலோ கூட்டுப் பட்டாவிலோதான் கிடக்கும், சித்தப்பா பெரியப்பா எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி திரும்பிப் பார்க்கும். வாரிசுச் சான்றுக்கும் உட்பிரிவுக்கும் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து வையுங்கள். அதற்கே நிறைய அலைய வேண்டியிருக்கும். அடுத்த தடவை லீவில் வரும்போது ஆரம்பித்துவிடுங்கள்.